வேலுக்கு முன்னால் வந்தவை

போன இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, என் தம்பி திடீரென்று இறந்துபோனதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். அதனால் மாமியார், மேலதிகாரி, தூக்கமின்மைக் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். கோபிக்க வேண்டாம். எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன். சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, என் அண்ணன் 43 வயதில், காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மாரடைப்பு வந்து இறந்துவிட்டார். முதல் நாள் இரவு எனக்கு போன் செய்தார். நான் வேலையாக இருந்தேன். "அப்புறம் பேசுறேண்ணா" என்று வைத்துவிட்டேன். சீக்கிரம் ஒரு வருடம் ஆகப்போகிறது. அண்ணனை நினைத்தால் அந்த போனும் மறுநாள் காலையும்தான் வருகின்றன. அவரோடு வளர்ந்த காலமெல்லாம் எங்கே போயிற்று?

முதலில் அந்த போனைப் பேசி முடித்துவிடுவோம். "அப்புறம் பேசுறேண்ணா" என்பது, நாளைக்கும் அண்ணன் இருப்பார் என்பதில் சந்தேகமே இல்லாத ஒரு தங்கை சொல்கிற வார்த்தை. அவரும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார். இதே வார்த்தையை இருவரும் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? அவர் எத்தனை தடவை உங்கள் போனை வைத்திருப்பார்? இந்த ஒரு தடவைக்கு இவ்வளவு கனம் வந்தது மறுநாள் நடந்ததால். மறுநாள் நடந்ததைக் கையில் வைத்துக்கொண்டு முதல் நாள் இரவை விசாரிப்பது நியாயமே இல்லை.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்டதற்கு வருகிறேன். நீண்ட நாள் நோயில் இருந்து போகிறவர்களின் வீட்டில், அவர்கள் இருக்கும்போதே பழைய கதைகள் பேசத் தொடங்கிவிடுவார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வயசுச் சண்டைகளைக்கூடப் பேசித் தீர்த்திருப்பார்கள். திடீர்ச் சாவில் அதற்கெல்லாம் இடமில்லை. எல்லா நினைவுகளுக்கும் முன்னால் அந்தச் செய்தி வந்து நின்றுகொள்கிறது. இதில் உடம்பின் பங்கும் உண்டு. அதிர்ச்சியின்போது சுரக்கிற அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் அந்த நேரத்து நினைவுகளை வழக்கத்தைவிட ஆழமாகப் பதியவைத்துவிடும். ஆகவே அந்தக் காலை இவ்வளவு துல்லியமாகவும், அதற்கு முந்தைய வருடங்கள் மங்கலாகவும் தெரிவதற்குப் பாசக் குறைவு காரணமில்லை.

என் தம்பிக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. காலையில் தலைவலி என்றான், மாலையில் இல்லை. அதற்குப் பிறகு வெகுகாலம் அவனை நினைத்தால் எனக்கு வந்தது ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த "எட்டுப் பேர் மட்டும்" என்ற அறிவிப்பு. அவன் முகம் வராது, அந்த எழுத்துகள் வரும். ஒரு ஓரம் பிய்ந்திருந்தது என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. எதற்கு இது?

அது தானாக மாறவில்லை. அவனோடு வேலை பார்த்த ஒருவர், மேசையில் இருந்த சாமான்களைக் கொடுக்க வந்தார். கிளம்பும்போது வாசலில் நின்று, "புதுசா எது வாங்கினாலும் கூட வர்ற கையேட்டை முதல் பக்கத்துல இருந்து படிப்பாரும்மா. ஆபீஸ் ஃபேன் மாத்தினப்போகூடப் படிச்சார்" என்றார். வீட்டிலும் அப்படித்தான். படிப்பது மட்டுமில்லை, அதில் எழுத்துப்பிழை இருந்தால் பேனாவால் திருத்தியும் வைப்பான். யார் பார்க்கப்போகிறார்கள்! அன்றைக்கு நான் சிரித்தேன். லிஃப்டைத் தாண்டி அவன் என்னிடம் வந்த முதல் தடவை அதுதான்.

அப்புறம் ஒரு நோட்டு போட்டேன். ஒரே ஒரு விதி. நல்லவன், பாசக்காரன், எல்லோருக்கும் உதவுகிறவன் போன்றவற்றை எழுதக் கூடாது. இறந்தவர்கள் எல்லோரையும் பற்றி எல்லோரும் சொல்கிற வார்த்தைகள் அவை. அவற்றில் என் தம்பி இல்லை. எழுதியவை இப்படி இருக்கும்: போனில் முதல் வார்த்தை "ஒண்ணுமில்ல". தும்மினால் மூன்று தும்மல். நான்காவதுக்காக எல்லோரும் காத்திருப்போம், வராது. வரவு செலவுக் கணக்கை நாளிதழின் ஓரத்தில் போடுவான், பிறகு அந்த நாளிதழைத் தேடுவான். சதுரங்கத்தில் தோற்கப்போகிறான் என்றால் காதைத் தொடுவான். அது அவனுக்குத் தெரியாது, நாங்களும் கடைசிவரை சொல்லவில்லை.

நோட்டை மற்றவர்களிடமும் கொடுத்தேன். இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு மனிதரின் முழு நினைவும் யாரிடமும் மொத்தமாக இருப்பதில்லை. உங்கள் அண்ணனில் தங்கைக்குத் தெரிந்த பக்கம் உங்களிடம் இருக்கிறது. வேலையிடத்தில் அவர் எப்படிச் சண்டை போடுவார், பள்ளிக்கூட நண்பர்கள் அவரை என்ன பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதெல்லாம் வேறு ஆட்களிடம் இருக்கிறது. கேட்டால் கொடுப்பார்கள். பலர், நாமாகப் போய்ச் சொன்னால் இவர்கள் மனம் நோகுமோ என்று வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். என் தம்பி மகள் நோட்டில் எழுதியது: "அப்பாவுக்கு விசில் அடிக்கத் தெரியாது. காத்து மட்டும் வரும்." நான் அவனோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள், எனக்கு இது தெரியாது. அவன் நாய்க்குப் பயப்படுவானா இல்லையா என்பதில் என் அம்மாவும் அவன் மனைவியும் நேர்மாறாக எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

இது நான் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்றுமில்லை. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு, அதாவது இறந்தவரை நினைத்து வருந்திப் பாடும் பாட்டு ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. போர்க்களத்தில் வேல் பாய்ந்து செத்த மன்னன் அவன். ஆனால் பாட்டில் வேல் பின்னால்தான் வருகிறது. அதற்கு முன்னால், கள் கொஞ்சம் கிடைத்தால் என்ன செய்வான், நிறையக் கிடைத்தால் என்ன செய்வான், பாடுகிற ஔவையின் தலையை எப்படித் தடவிக்கொடுப்பான் என்று அவனுடைய பழக்கங்களாகவே சொல்லிக்கொண்டு போகிறார். உங்கள் விஷயத்தில் இப்போதைக்கு வேல் முதல் வரியில் நிற்கிறது. அதை அழிக்க முடியாது. அதற்கு முன்னால் வரிகளைச் சேர்க்கலாம். தினமும் உட்கார வேண்டாம். தோன்றும்போது ஒரு வரி, தேதி கூட வேண்டாம்.

கேள்வி: என் கணவர் விபத்தில் போய் ஏழு மாதம் ஆகிறது. துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு என்று ஒரு தோழி அனுப்பியிருந்தாள். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. நான் எந்தக் கட்டத்திலும் சரியாகப் பொருந்தவில்லை. உறவினர்கள் "மனசிலிருந்து விட்டுடு, அப்பதான் முன்னேற முடியும்" என்கிறார்கள். நான் பின்தங்கிவிட்டேனா?

இது பரீட்சை இல்லை, பின்தங்குவதற்கு. அந்த ஐந்து கட்டங்களை 1969இல் எழுதியவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர். அவர் பேசியது சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம். அவர்கள் தங்கள் சாவை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதுதான் அந்தப் பட்டியல். பிறகு அது கை மாறி, மிச்சமிருக்கிறவர்களின் துக்கத்துக்கான கால அட்டவணையாகிவிட்டது. ஒரு விடிகாலை போன் அழைப்பில் கணவரை இழந்தவர் அதில் பொருந்தாமல் போவதில் என்ன ஆச்சரியம்?

"விட்டுவிடு" என்பதற்கும் ஒரு கதை உண்டு. இறந்தவரிடமிருந்து மனதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுப்பதே துக்கத்தின் வேலை என்று 1917இல் எழுதியவர், உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்ட். 1920 ஜனவரியில் அவருடைய மகள் சோஃபி இன்ஃப்ளுயன்சாவில் சில நாட்களில் இறந்துபோனாள். வயது 26. ஒன்பது வருடம் கழித்து, மகனை இழந்த ஒரு நண்பருக்கு ஃபிராய்ட் கடிதம் எழுதினார். என் மகள் இருந்திருந்தால் இன்று அவளுக்கு 36 வயது என்று அதில் சொல்கிறார். துக்கத்தின் வேகம் தணியும், ஆனால் அந்த இடத்தை வேறு எதுவும் முழுதாக நிரப்பாது, அப்படி இருப்பதே சரி என்பது அவர் சொன்னதன் சாரம். மகளின் வயதை அவர் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார், பாருங்கள். விட்டுவிடச் சொன்னவரே விடவில்லை. பிற்கால ஆய்வாளர்களும், இறந்தவரோடு மனதில் ஓர் உறவை வைத்துக்கொண்டே வாழ்க்கையை நடத்துவது இயல்பானதுதான் என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஏக்கமோ இறந்தவரைப் பற்றிய நினைப்போ பெரும்பாலான நாட்களில் ஆளை அப்படியே முடக்கிப்போட்டு, அது மாதக்கணக்கில் இறங்காமல் இருந்தால், அதை நீடித்த துக்கக் கோளாறு என்று மருத்துவம் தனியாக அடையாளம் காண்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு குறைந்தது 6 மாதம் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022இல் வெளியிட்ட கையேடு, பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. அழுகை வருகிறது என்பதற்காக இந்தப் பெயர் ஒட்டாது. எழுந்து அன்றாட வேலையைச் செய்ய முடிகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. முடியவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள், இதற்கென்றே சிகிச்சை இருக்கிறது. நானும் போய்விட வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் மாதக்கணக்கெல்லாம் வேண்டாம். அன்றே, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: அப்பா போனதிலிருந்து, இரவில் அவர் செருப்புச் சத்தம் கேட்கிறது. வீட்டில் சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று பயம்.

பைத்தியம் இல்லை. வேல்ஸில் டெவி ரீஸ் என்ற மருத்துவர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பேசி 1971இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு இப்படி ஏதோ ஓர் அனுபவம் இருந்தது. பலர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதை உணர்ந்திருந்தார்கள். சிலர் குரலைக் கேட்டிருந்தார்கள், சிலர் பார்த்தும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களைப் போலவே. பலருக்கு அது ஆறுதலாகத்தான் இருந்திருக்கிறது. அந்தச் சத்தம் உங்களைப் பயமுறுத்தினாலோ, ஏதாவது செய்யச் சொல்லிக் கட்டளையிட்டாலோ மருத்துவரிடம் போங்கள். வெறும் செருப்புச் சத்தம் என்றால் கேட்டுவிட்டுத் தூங்குங்கள்.

கேள்வி: என் மருமகள் திடீரென்று இறந்துவிட்டாள். ஐந்து வயதுப் பேத்தியிடம் "அம்மா தூங்குறாங்க" என்று சொல்லிவைத்திருக்கிறோம். இப்போது அவள் இரவில் படுக்கவே மாட்டேன் என்கிறாள். நடுவில் ஓடியாடி விளையாடவும் செய்கிறாள். புரிந்ததா புரியவில்லையா என்றே தெரியவில்லை.

அம்மா தூங்கினார்கள், திரும்பி வரவில்லை என்றால், அந்தக் குழந்தை எப்படிப் படுக்கும்? அவள் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. "ஊருக்குப் போயிருக்காங்க" என்பதும் இதே மாதிரிதான். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அதோடு, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்களே என்ற வருத்தம் வேறு சேரும்.

உண்மையைச் சின்ன வாக்கியங்களில் சொல்லுங்கள். "அம்மா இறந்துட்டாங்க. அம்மா உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. இனிமே மூச்சு விடாது, வலிக்காது, பசிக்காது. அம்மாவால திரும்பி வர முடியாது." அப்புறம் அவள் கேட்காமலேயே இரண்டு விஷயம் சொல்லுங்கள். அவள் செய்த எதனாலும், கோபத்தில் சொன்ன எதனாலும் இது நடக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொள்ள இன்னின்னார் இருக்கிறோம். பெயர் சொல்லியே சொல்லுங்கள்.

சாவு என்பது திரும்ப முடியாதது, எல்லா உயிருக்கும் வருவது என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் மெல்லப் பிடிபடுகிறது. அதனால் நாளை மறுநாள் "அம்மா எப்ப வருவாங்க?" என்று மறுபடியும் கேட்பாள். அதே பதிலை, அதே வார்த்தைகளில் மறுபடியும் சொல்லுங்கள். அழுகையிலிருந்து விளையாட்டுக்கும் விளையாட்டிலிருந்து அழுகைக்கும் தாவுவது குழந்தைகளின் துக்கம். அவளால் தொடர்ந்து தாங்க முடிகிற அளவு அவ்வளவுதான். அவள் எதிரில் நீங்கள் அழுதால் தப்பில்லை. ஆனால் ஏன் அழுகிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

அம்மாவைப் பற்றி எழுதிவைக்கும் வேலையை அவளுக்காக இப்போதே தொடங்குங்கள். ஐந்து வயது நினைவு நிறைய நிற்காது. பதினைந்து வயதில் அவள், "அம்மா எப்படிச் சிரிப்பாங்க?" என்று கேட்கும்போது நீங்கள் யோசிக்க வேண்டியிருக்கக் கூடாது.

கேள்வி: அப்பா பக்கவாதத்தில் ஒரே நாளில் போய்விட்டார். எல்லோரும் அவரைத் தெய்வம் என்கிறார்கள். ரத்த அழுத்த மாத்திரையைப் போடாமல் எங்களை ஏமாற்றியவர் அவர். எனக்கு அவர் மேல் கோபம்தான் வருகிறது. இப்படி நினைப்பது பாவமா?

மாத்திரை போடாத தெய்வத்தை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை! கோபப்படுங்கள். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் காட்டாது. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் ஏராளம். அவரும் உங்களை ஏமாற்றுவதாக நினைத்திருக்க மாட்டார், தன்னைத்தான் ஏமாற்றிக்கொண்டார். இது அவரை மன்னிக்கச் சொல்வதற்காக இல்லை. மன்னிப்பது உங்கள் இஷ்டம், உங்கள் நேரம்.

ஆனால் அந்தக் கோபத்தையும் நினைவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். தெய்வம் என்று ஆக்கிவிட்டால் உங்கள் அப்பா உங்களிடமிருந்து இரண்டாவது தடவை போய்விடுவார். மாத்திரையை எங்கே ஒளித்துவைத்தார் என்பதும் அவர்தான். எங்கே ஒளித்தார்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். நிஜமாகவே கேட்கிறேன்.

கேள்வி: 29 வயதுத் தம்பி தூக்கத்திலேயே இறந்துவிட்டான். பிரேதப் பரிசோதனையில் காரணம் தெரியவில்லை. மற்ற பிள்ளைகளும் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றார் டாக்டர். அம்மா அதைக் கேட்கவே மறுக்கிறார்.

போங்கள். அம்மாவைச் சம்மதிக்கவைத்துவிட்டுத்தான் என்று காத்திருக்க வேண்டாம். இளவயதில் இப்படி நடப்பதற்கு, இதயத்தின் மின்னோட்டக் கோளாறு ஒரு காரணமாக இருக்கலாம். சில வகைகளில் இதயத்தைத் திறந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அவற்றில் பல பரம்பரையாக வருபவை. அதனால்தான் பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் எல்லோரும் ஈ.சி.ஜி., எக்கோ எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். முன்கூட்டியே தெரிந்தால் மருந்தோ கருவியோ வைத்துப் பெரும்பாலும் சமாளிக்கலாம். அம்மாவையும் அழைத்துப் போங்கள். "உனக்கும் பார்க்கணுமாம்" என்றால் வரமாட்டார், "எனக்குத் துணைக்கு வா" என்றால் வருவார்.

கேள்வி: கணவரின் போன் எண்ணை நிறுத்த மனம் வரவில்லை. அவர் அனுப்பிய குரல் செய்திகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மகன் "வேண்டாம்மா" என்கிறான்.

கேளுங்கள். ஆனால் முதலில் அந்தச் செய்திகளை வேறு இரண்டு இடங்களில் நகல் எடுத்துவையுங்கள், இந்த வாரமே. அதை மகனிடமே கொடுங்கள், அவனும் கேட்டுக்கொள்வான். போன் தொலையும், உடையும். பயன்படுத்தாமல் விட்ட எண்ணை நிறுவனங்கள் வேறு யாருக்காவது கொடுத்துவிடும். ஒரு நாள் அந்த எண்ணைக் கூப்பிட்டு, முன்பின் தெரியாத ஒருவர் "ஹலோ" சொன்னால் அது தாங்காது. வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் ரகசியக் குறி அந்த எண்ணுக்குத்தான் வரும் என்பதால், அந்த வேலைகள் முடியும்வரை எப்படியும் எண்ணை உயிரோடு வைத்திருக்க வேண்டும். இதை மகனிடம் சொல்லுங்கள், வாயை மூடிக்கொள்வான்.

அவருடைய கூகுள் கணக்கில் படங்கள் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். 2 வருடம் யாரும் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் நீக்கிவிடலாம், 2023 டிசம்பரிலிருந்து அந்த விதி நடப்பில் இருக்கிறது. ஃபேஸ்புக் பக்கத்தை நினைவுப் பக்கமாக மாற்றச் சொல்லிக் கேட்கலாம். அப்படி மாற்றிவிட்டால் பிறந்தநாள் அறிவிப்பு வந்து எல்லோரையும் உலுக்காது.

அப்புறம், உங்களுக்கு. ஆப்பிள், கூகுள், ஃபேஸ்புக் மூன்றிலும், நமக்குப் பிறகு கணக்கை யார் பார்த்துக்கொள்வது என்று முன்கூட்டியே ஒருவரைக் குறிப்பிடும் வசதி இருக்கிறது. மகன் பெயரைப் போட்டுவையுங்கள். பத்து நிமிஷ வேலை. நான் போன வருடம் போட்டேன், இன்னொரு தம்பி பெயரை. அவன் உடனே போன் செய்து "உனக்கு என்னாச்சு?" என்று கத்தினான்.